தலையில் கை வைத்த படம்

என் அக்கா வீட்டுக்காரர் சுருளியாண்டிக்கு யாரிடமும் "முடியாது" என்று சொல்ல வராது. நல்ல குணம் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அவருக்கு ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம். போன இரண்டு வெள்ளாமையும் கைவிட்ட பிறகு, இந்தத் தடவை பந்தல் முழுக்கக் கொத்துக் கொத்தாகக் காய்ப்பு. கோட்டயத்து வியாபாரி வந்து பார்த்து, அடுத்த வாரம் வண்டியோடு வந்து வெட்டிக்கொள்வதாகச் சொல்லிப் போயிருந்தார். பழுத்த திராட்சை யாருக்காகவும் காத்திருக்காது. நடுவில் ஒரு மழை பிடித்தால் பழம் வெடித்து அழுகிவிடும். அக்கா ராமுத்தாய் வானத்தைப் பார்த்துக்கொண்டேதான் சோறு வடித்தாள்.

அப்போது பார்த்து வந்து சேர்ந்தான் முத்துவீரன். பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். மிச்ச நேரத்தில் 'மேகமலைச் செய்தி'க்கு நிருபர். அவன் எழுத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சாக்கடையில் மாடு விழுந்தால் 'பரபரப்பு' என்று எழுதுவான். அந்த மாடு தானே ஏறி வந்து வைக்கோல் தின்றுகொண்டிருக்கும், பேப்பரில் பொதுமக்கள் சோகத்தில் மூழ்கியிருப்பார்கள். கோவில் விழா என்றால் முந்தின நாள் மத்தியானமே செய்தியை அனுப்பிவிடுவான். ஒரு தடவை ஊருக்குள் தகராறாகிக் கும்பாபிஷேகமே நின்றுபோனது. பேப்பரில் மட்டும் திரளான பக்தர்கள் தரிசனம் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். கேட்டதற்கு, "என்னைக்கிருந்தாலும் நடக்கத்தானண்ணே போகுது" என்றான்.

பேப்பர்காரன் வருகிறான் என்றதும் மச்சான் வெள்ளைச் சட்டை மாட்டி, தலை சீவி, நல்ல கொத்தாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றார்.

"அண்ணே, சிரிக்காதீக. விவசாயி சிரிச்சா அதுல என்னண்ணே செய்தி இருக்கு?"

"பழம் நல்லா வந்துருக்கே தம்பி."

"அது இருக்கட்டும். அந்தா, குருவி கொத்துன கொத்தக் கையில எடுங்க. இன்னொரு கையத் தலையில வைங்க. ஆங், அப்படித்தான். இன்னும் கொஞ்சம் சோகமா."

அந்த மனுசன் வைத்தாரே! நான் மட்டும் அங்கன இருந்திருந்தால் அந்தக் கையைத் தட்டிவிட்டிருப்பேன்.

மறுநாள் பேப்பரில் பெரிய எழுத்தில் 'அழுகிய திராட்சை! கதறும் விவசாயி!' என்று வந்தது. "இயற்கை அன்னையின் சீற்றத்தால் எங்கள் வாழ்வாதாரம் கேள்விக்குறியாகிவிட்டது" என்று சுருளியாண்டி கண்ணீர் மல்கக் கூறினாராம். மச்சான் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஏன் மாப்ள, நானா இப்படிப் பேசுனேன்?" என்று என்னைக் கேட்டார். "சரி", "பாப்போம்" இந்த இரண்டையும் தாண்டி அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

படம் வாட்ஸ்அப்பில் மலையேறிக் கோட்டயம் போய்விட்டது. வியாபாரி போன் போட்டார்.

"சேட்டா, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியில்லா. படம் கண்டு. அது மதி."

அது போதுமாம். நேரில் வந்து பாருங்கள் என்று மச்சான் கெஞ்சி முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

மச்சானை இழுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். "மறுப்புப் போடு. நல்ல பழத்தப் படம் எடுத்துப் போடு" என்று கத்தினேன். "போட்டுறலாம்ணே, எதுக்குக் கோவிக்கிறீக?" என்றான் முத்துவீரன்.

சொன்னபடி போட்டான். 'திராட்சை அழுகவில்லை! விவசாயி கதறல்!' கூடவே அதே பழைய படம். ஆபீசில் அதுதான் இருந்ததாம். தமிழ் வாசிக்கத் தெரியாத வியாபாரிக்கு அது இரண்டாவது தடவையும் போய்ச் சேர்ந்தது. தமிழ் தெரிந்த தேனி வியாபாரிகளாவது வருவார்கள் என்று பார்த்தால், "நெருப்பில்லாமலா பேப்பர்ல ரெண்டு தடவ போடுவாக?" என்று அவர்களும் நழுவினார்கள்.

அக்கா பேப்பரில் இருந்த தலைப்பைக் காட்டி என்னிடம் கத்தினாள். "ஏலே, நல்லாருக்குன்னு சொல்றதுக்கும் எதுக்குடா இந்த மனுசனக் கதறவிடுறான்?"

எனக்கு என்ன தெரியும்? நாங்கள் தெரிந்த வியாபாரிகளுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு சாயங்காலம் மழை பிடித்தது. விடாமல் பெய்தது. வெயில் வந்தபோது பந்தலுக்குக் கீழே நிற்க முடியவில்லை, அவ்வளவு ஈ, அவ்வளவு புளித்த நாற்றம். அக்கா அழுதாள்.

அன்றைக்கு முதல் தடவையாக மச்சானே ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

"இப்ப நெசமாவே அழுகிருச்சு தம்பி. எழுதுங்க. யாராச்சும் அதிகாரிக வந்து பாப்பாக."

முத்துவீரன் உண்மையாகவே வருத்தப்பட்டான், அதுதான் கொடுமை. டீ வாங்கிக் கொடுத்தான். "எனக்கே மனசு கேக்கலண்ணே. ஆனா ஒங்க திராட்சை அழுகுனத முன்னாடியே போட்டுட்டோம்ல. பழைய செய்தின்னு ஆபீஸ்ல எடுக்க மாட்டாகண்ணே."

எனக்குக் கெட்ட வார்த்தை நாக்கு வரை வந்துவிட்டது. மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரி தம்பி" என்று அவனுக்குத் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். என்ன ஆச்சு என்று அக்கா உள்ளேயிருந்து கேட்டதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டு, "நீயே சொல்லு மாப்ள" என்றார்.