நல்லக்கா கடையில் குடிக்காத இரண்டு பேர்

போன வருஷம் பெண்ணைப் பார்க்க லண்டனுக்குப் போயிருந்தேன். ஒரு சாயங்காலம் மாப்பிள்ளை, "மாமா, தெருமுனையில ஒரு பப் இருக்குதுங்க. விக்டோரியா ராணி காலத்துக் கட்டடம். குடிக்க வேண்டாம், சும்மா பாத்துட்டு வரலாம்" என்றார். எழுபதை எட்டப்போகிற எனக்கு எதற்கு அதெல்லாம் என்று தயங்கினேன். பெண் முறைத்தாள். அவள் முறைத்ததனாலேயே போனேன்.

கதவில் பூவேலை செய்த கண்ணாடி. உள்ளே கருத்துப்போன மரப்பலகை, பளபளக்கும் பித்தளைக் கம்பி. நான் கால் வைத்ததும் அங்கிருந்த ஏழெட்டுக் கிழவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு நொடிதான். என் மப்ளரையும் செருப்பையும் பார்த்துவிட்டு மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ மரத்தில் ஊறிக் கிடந்த அந்தப் புளித்த வாடையும் அந்த ஒரு நொடி மௌனமும் சேர்ந்து, நாற்பத்தைந்து வருஷம் பின்னால் கொண்டுபோய்க் கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளியில் இறக்கிவிட்டன.

"இது பரவாயில்லீங்க மாப்ளே. எங்க கடையில ஒரு மாசம் என்னோட யாருமே பேசலை" என்றேன்.

"எங்க கடையா?" என்று அவர் திரும்பினார்.

ஆமாம், கள்ளுக்கடைதான். என் பெண்ணுக்கு இன்றுவரை தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயசு. பெரியம்மை வராமல் தடுக்க அம்மை குத்துகிற உத்தியோகம். தோளில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஈரத்துணி சுற்றிய மருந்துக் குழல்கள், குத்துகிற கத்தி, அதைச் சுட்டெடுக்க ஒரு சாராய விளக்கு. மருந்து சூடு பட்டால் செத்துப்போகும் என்பதால் பெட்டியைக் கைக்குழந்தைபோல நிழல் பார்த்து வைப்பேன். மலைமேல் எடப்புளி நாட்டு ஊர்கள் எல்லாம் என் பொறுப்பு. இன்றைக்கு இருக்கிற வளைவு ரோடு அப்போது ஏது? காரவள்ளியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் அரைநாள் ஏற வேண்டும். மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்தால் ஊரில் ஆள் இருக்காது. அடுப்பில் களி கொதித்துக்கொண்டிருக்கும், கோழி மேய்ந்துகொண்டிருக்கும், மனிதர்களை மட்டும் காணோம். என் காக்கிச் சட்டையைத் தூரத்தில் கண்டதுமே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார்கள். அம்மை குத்தினால் மாரியாத்தா கோபித்துக்கொள்வாள் என்று ஒரு பேச்சு. குத்திய தழும்பை அடையாளம் வைத்துப் பிள்ளைகளைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பிடித்துப்போவார்கள் என்று இன்னொரு பேச்சு. எனக்கு முன்னால் இருந்தவரின் பெட்டியைப் பிடுங்கிப் பள்ளத்தில் வீசியிருக்கிறார்கள். ஆளை வீசவில்லையே என்று அவர் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

மூன்று முறை வெறும் ஊரைப் பார்த்துத் திரும்பிய பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. மலைமேல் ஓடுகிறவர்கள் சந்தை நாளில் மிளகும் பலாப்பழமும் சுமந்து கீழே இறங்கித்தானே ஆக வேண்டும்? விற்றுவிட்டு மலையேறுமுன் எல்லோரும் உட்காருகிற இடம் ஒன்றுதான். அங்கே போய்ப் பேசிப் பழகினால் என்ன? பெரிய சாணக்கியன் என்று நினைப்பு எனக்கு.

கடை என்றால் தென்னங்கீற்றுக் கொட்டகை. வாசலில் ஒரு வேப்பமரம். உள்ளே மண்ணில் பாதி புதைத்த மொடாக்கள், கள்ளின் புளிப்பு, வறுத்த கருவாட்டு மணம், வேகவைத்த மொச்சை, ஈக்கள். நடத்தியவள் நல்லக்கா. நாற்பது வயசு இருக்கும், புருஷன் இல்லை, கடை ஏலம் எடுத்தவருக்காக விற்றுக் கொடுத்தாள். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. லண்டன் மாதிரி ஒரு நொடி இல்லை, நான் எழுந்து போகிறவரை. ஒரு கிழவர் மட்டும் பக்கத்திலிருந்தவரிடம், "கலால்காரனாட்டம் இருக்குது" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. மலையில் திருட்டுச் சாராயம் காய்ச்சுகிறவர்களை உளவு பார்க்க வந்தவன் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நல்லக்கா ஒரு கலயத்தை என் முன்னால் வைத்தாள்.

"குடிக்கிற பழக்கம் இல்லீங்க அக்கா."

"குடிக்காதவன் கள்ளுக்கடையில உக்காந்தா ஒண்ணு போலீசு, இல்லாட்டி கிறுக்கு. நீங்க எதுங்க தம்பி?"

கிறுக்கு என்று நிரூபிக்க ஒரே மூச்சில் குடித்தேன். அரை நாழிகைக்குள் வேப்பமரத்தடியில் குனிந்து கிடந்தேன். கொட்டகையே சிரித்தது. அதிலும் அவர்களுக்குச் சந்தேகம் போகவில்லை, கலால்காரன் நன்றாக நடிக்கிறான் என்று பேசிக்கொண்டார்களாம். அடுத்த சந்தையிலிருந்து நல்லக்கா எனக்கு மோர் வைத்தாள்.

அங்கே வருகிறவர்களில் அரப்பளி என்று ஒருவர். முப்பது வயசு, எடப்புளிப் பக்கத்து மலைக்காரர். இரண்டு கலயம் உள்ளே போனால் பாட்டு, மூன்றாவதில் ஆட்டம். என்னைக் கண்டால் மட்டும் பாட்டை நிறுத்திவிடுவார். எனக்கும் அவர்மேல் நல்ல எண்ணம் கிடையாது. முன்னவரின் பெட்டியைப் பிடுங்கி எறிந்த கை அவருடையதாகத்தான் இருக்கும் என்று, எந்த ஆதாரமும் இல்லாமல், நானாக முடிவு செய்து வைத்திருந்தேன். சந்தேகம் ஒட்டுவாரொட்டி. அவர்கள் என்னைப் பார்த்த பார்வையிலேயே நானும் அவர்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

ஒரு சந்தை நாள். அரப்பளி வந்தார், குடிக்கவில்லை. கலயத்தை நல்லக்கா நீட்டியதும் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார். நேராக வந்து என் பலகையில் உட்கார்ந்தார். அந்தக் கடையில் என் பலகையில் உட்கார்ந்த முதல் மனிதர் அவர்தான்.

"ஏனுங்க, எங்கூருப் பக்கம் எப்பங்க வாரீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. என்னைக் கண்டு ஓடுகிறவன் இன்று என்னைக் கூப்பிடுகிறான். அதுவும் குடிக்காமல், நிதானமாக. பள்ளத்தில் பெட்டி மட்டும் போனது நினைவுக்கு வந்தது.

"பாக்கலாமுங்க" என்றேன்.

"நாளைக்கு வந்தீங்கன்னா நானே பாதையில நிக்கறனுங்க."

"பாக்கலாம்னு சொன்னனே."

அவர் கொஞ்ச நேரம் என் தகரப் பெட்டியையே பார்த்தார். பிறகு எழுந்து கூடையைத் தலையில் ஏற்றினார். கூடையில் நாலு இளநீர், அதன்மேல் வாழையிலை போட்டு மூடிய ஒரு கட்டு. அது என்னவென்று எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை. மூடி எடுத்துப் போகிறானே, திருட்டுச் சரக்காக இருக்குமோ என்றுதான் புத்தி போயிற்று. கலால் ஆபீசில் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பாருங்கள், அவர்கள் என்னை எதுவென்று சொன்னார்களோ அதுவாகவே ஆகிவிடப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த சந்தைக்கு அரப்பளி வரவில்லை. நான் மோரை வைத்துக்கொண்டு, வலையில் விழாமல் தப்பித்த கதையை நல்லக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் மொச்சை அள்ளிக்கொண்டிருந்தாள். அகப்பை நின்றது.

"உங்களெ கூப்பிட்டானா? அன்னைக்கா?"

"ஆமாங்க அக்கா."

அவள் என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தாள். வேப்பமரத்தின் தாழ்ந்த கிளை ஒன்று மொட்டையாக நின்றது.

"அன்னைக்கு இதெ ஒடிச்சுக் கூடையில மூடி எடுத்துட்டுப் போனது அவன்தான். மலமேல வேம்பு ஏதுங்க? குடிக்க மாட்டேன்னான், எளநி வாங்கியிருந்தான். எல்லாத்தையும் சேத்துப் பாக்கறதுக்கு எனக்கே இத்தன நாள் ஆயிருக்குது. அம்ம குத்தற உத்தியோகம் பாக்கறீங்க, உங்களுக்குமா தெரியலை?"

தெரியவில்லை. அம்மை கண்ட வீட்டில் கள் தொட மாட்டார்கள், வாசலில் வேப்பந்தழை கட்டுவார்கள் என்பது பச்சைக் குழந்தைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பயந்தவன் கண்ணுக்கு இலைக்கட்டு சரக்காகத் தெரிந்தது.

பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். "நில்லுங்க, ஒத்தையா போனா ஒரு பய கிட்ட வர மாட்டான்" என்று பின்னாலேயே குரல் வந்தது. நல்லக்கா சந்தை நாளில், வியாபார நேரத்தில், குடித்துக்கொண்டிருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தட்டியை இழுத்துக் கட்டினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறினாள். வழியெல்லாம் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். செங்குத்தான இடத்தில் பெட்டியை என் தோளிலிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

பொழுது சாய்வதற்குள் போய்விட்டோம். அரப்பளி வீட்டு வாசலில் வேப்பந்தழை காய்ந்து தொங்கியது. அவர் வெளியே கல்மேல் உட்கார்ந்திருந்தார். அவருடைய மூத்த பெண், ஏழு வயசு, முந்தினநாள் போய்விட்டாள்.

என்னைப் பார்த்து அவர் எழுந்திருக்கவில்லை. "அன்னைக்கே கூப்பிட்டனுங்களே" என்றார். அவ்வளவுதான். கோபம்கூட இல்லை.

வைத்தியம் தெரிந்தவர்கள் சொல்வார்கள், முத்துப் போட்ட பிறகு அம்மை குத்தி ஒரு பிரயோஜனமும் இல்லை. நான் மறுநாளே போயிருந்தாலும் அந்தப் பெண் பிழைத்திருக்க மாட்டாள். இது எனக்கு அப்போதே தெரியும். சரியான விஷயம்தான், ஆனால் அந்த வாசலில் நின்று சொன்னால் தப்பிக்கச் சொல்கிற சாக்காகத்தான் இருக்கும். அவர் கூப்பிட்டார், நான் போகவில்லை. அது மட்டும்தான் அங்கே உண்மை.

ஊர்க்காரர்கள் தள்ளித் தள்ளி நின்றார்கள். ஒரு பெரியவர், "ஆத்தா வந்திருக்கற நேரத்துல கத்தி வெக்கறதா?" என்று குரல் கொடுத்தார். நாலைந்து பேர் கம்போடு முன்னால் வந்தார்கள். அப்போது அரப்பளி உள்ளே போனார். கைப்பிள்ளையைத் தூக்கிவந்து, அதன் கையைப் பிடித்து என்முன் நீட்டினார்.

"ஆத்தா ஒண்ணு எடுத்துக்கிட்டா. இதெ நான் குடுக்க மாட்டேன். குத்துங்க."

பெட்டியைத் திறந்து விளக்கை ஏற்றினேன். நல்லக்கா விளக்கைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவள் தன் புடவையை விலக்கித் தோளைக் காட்டி, "அடுத்தது எனக்கு" என்றாள். குத்தியானதும் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். எல்லோரும் அவளுக்குப் பேர் தெரிந்தவர்கள்தானே. "ஏனப்பா சடையா, கலயம் நெறையலைன்னு என்ற ஊட்டு வாசல்ல அழுவியே, இத்துனூண்டு கத்திக்கு ஓடறியா? வா சாமி. வெள்ளையா, உன்ற பொண்டாட்டி எங்கே? கூப்புடு." சாவு விழுந்த ஊரில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்போடு ஒவ்வொருவராக வந்தார்கள். இருட்டுகிறவரை குத்தினேன். மறுநாள் காலையிலும் குத்தினேன்.

கைப்பிள்ளைக்கு லேசாகப் பத்து முத்துப் போட்டு இறங்கியது. ஊரில் இன்னும் இரண்டு பேருக்கு வந்தது, இருவரும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு நான் மலை ஏறினால் யாரும் ஓடவில்லை.

அரப்பளி சந்தை நாளில் வருவார். பாடுவதில்லை, ஒரு கலயத்தோடு நிறுத்திக்கொள்வார். என் பலகையில்தான் உட்காருவார். நான் மோர், அவர் கள். மழை பெய்ததா, மிளகு காய்த்திருக்கிறதா, பையன் நடக்கிறானா, இவ்வளவுதான் பேச்சு. அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியம் வரவில்லை.

பிறகு எங்கள் ஜில்லாவுக்கு மதுவிலக்கு வந்தது. நல்லதுதான். எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்தது, அதை மறுக்க மாட்டேன். மொடாக்களை உடைத்துப் போட்டார்கள். கொட்டகையைப் பிரித்துக் கீற்றை யாரோ மாட்டுக்கொட்டிலுக்குக் கொண்டுபோனார்கள். நல்லக்கா தம்பி வீட்டுக்குப் போவதாகச் சொல்லி ஒரு மூட்டையோடு கிளம்பினாள். எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. பிற்பாடு ரோடு வந்தது, பஸ் வந்தது. அம்மையும் உலகத்தை விட்டே போய்விட்டது என்று பேப்பரில் போட்டார்கள். என் உத்தியோகம் என்னவென்று பேரப்பிள்ளைகளுக்கு இன்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடை போன மறு சந்தையில் அரப்பளி வந்தார். பையனையும் கூட்டி வந்திருந்தார். வெறும் தரையில் மொடா புதைத்திருந்த குழிகள் மட்டும் வரிசையாகக் கிடந்தன. ஊருக்குள் காப்பிக்கடை இருந்தது, ஆனால் மலைக்காரர்களை உள்ளே உட்கார விடமாட்டார்கள், வாசலில் நின்றுதான் குடிக்க வேண்டும். இருவரும் அந்தக் குழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இனி எங்கீங்க உக்கார்றது?" என்றார்.

கொஞ்ச நேரம் நின்றே பேசினோம். பையனுக்குக் கால் வலித்திருக்கும்போல, சிணுங்கினான். "வாரனுங்க" என்று அவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு மலையைப் பார்க்க நடந்தார்.