அம்மாவின் வலது காது

எங்கள் அப்பாவும் அம்மாவும் கல்யாணமான வருஷமே முத்திரை வாங்கிக்கொண்டவர்கள். சங்கும் சக்கரமும் காய்ச்சி ஒற்றிய தழும்பு இருவர் தோளிலும் இருக்கும். அன்றைக்குக் குரு காதில் சொன்ன எட்டெழுத்து மந்திரத்தை மனதுக்குள்தான் சொல்லிக்கொள்வார்கள். வாய் திறந்து சொல்வது, சாகக் கிடப்பவரின் வலது காதில் மட்டும்.

அப்பா அப்படிச் சொல்லி நான் பார்த்தது இரண்டு முறை. தாத்தாவின் காதில் சொன்னார், தாத்தா போய்விட்டார். படுத்துவிட்ட எங்கள் செவலை எருதின் காதிலும், மனசு கேட்காமல், குனிந்து சொன்னார். பொழுது சாய்வதற்குள் அதுவும் போய்விட்டது. மூன்றாம் வகுப்புப் படித்த எனக்கு இதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. மந்திரம்தான் ஆளைக் கொல்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். அதன் பிறகு அப்பா ஆசையாக என்னிடம் குனிந்தால்கூடக் காதைப் பொத்திக்கொள்வேன்.

அந்த வருஷம் நிலக்கடலை பிடுங்கும் சமயத்தில், தர்மபுரி பெரியாஸ்பத்திரியிலிருந்து அம்மாவை வாடகைக் காரில் கூட்டிவந்தார்கள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பியிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்துவிட்டாளே, குணமாகிவிட்டது என்றுதான் குதித்தேன்.

மூன்றாம் நாள் காலை அம்மாவுக்கு மூச்சு இழுத்தது. அத்தை துளசித் தண்ணீர் எடுத்துவந்தாள். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். நான் களத்திலிருந்து ஓடிப்போய் அவள் வலது காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். கையெல்லாம் கடலைக்கொடி மண்.

"வுடு பாப்பா. உங்கம்மா இதக் கேக்கணும்," என்றார் அப்பா.

"நேரமில்ல புள்ள, கையெடு," என்று அத்தை இழுத்தாள். நான் விடவில்லை. கேட்காமலே போய்விடுவாளோ என்று அப்பாவுக்குப் பயம். கேட்டால் போய்விடுவாளே என்று எனக்கு.

அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். மூச்சைச் சேர்த்துச் சேர்த்துப் பேசினாள்.

"நா எனக்குன்னு இல்ல கண்ணு. உனக்குத்தான். கைய எடு."

போகமாட்டேன் என்கிறாள் என்று நம்பிக் கையை எடுத்தேன். அப்பா குனிந்தார். மத்தியானம் அம்மா போய்விட்டாள்.

அப்பாவை நான் சீக்கிரமே மன்னித்துவிட்டேன். அம்மாவைத்தான் முடியவில்லை. பொய் சொல்லி என் கையை எடுக்க வைத்துவிட்டாளே என்று அவ்வளவு கோபம். புரட்டாசிச் சனிக்கிழமைதோறும் அவள் படத்துக்குத் துளசி வைக்கச் சொல்வார்கள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

கல்யாணமாகி நானும் முத்திரை வாங்கிக்கொண்டபோது, குரு மந்திரத்தைக் காதில் சொல்லிவிட்டு அதன் பொருளையும் சொன்னார். நான் எனக்கு உரியவள் அல்ல. நாராயணா, உனக்கே உரியவள். அவ்வளவுதான். தோள் எரிச்சலில் அழுகிறேன் என்று நினைத்து என் வீட்டுக்காரர் துண்டால் விசிறிவிட்டார்.

பெருமாளிடம் சொல்ல வேண்டியதை அம்மா அன்றைக்கு என்னிடம் சொல்லியிருக்கிறாள். மண் கையோடு நின்ற எனக்கு அது தெரியவில்லை. அத்தனை வருஷமும் அவள் படத்துக்கு ஒரு துளசி இலைகூட வைக்காமல் இருந்துவிட்டேன்.