எருமையை வெளுத்த கதை

குழந்தைகளுக்கு விலங்குக் கதை எழுதிப் படம் வரைகிறவள் என்றதும் எல்லோரும் என்னை ஒரு மாதிரி இனிப்பான ஆளாக நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் முயல் பொம்மை வாங்கிவருகிறார்கள். எனக்கு முயலைப் பிடிக்காது. உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடம் உதவியாளராக இருந்தேன். எலும்புக்கூடுகளைத் தூசி தட்டுவது, ஃபார்மலின் பாட்டில்களைக் கழுவுவது, பாடத்துக்கான சுவர்ப் படங்களை வரைவது என் வேலை. நான் ஆசிரியை இல்லை என்றாலும் ஊரில் எல்லோருக்கும் நான் டீச்சர்தான். மாட்டுக்கு எத்தனை விலா என்று எனக்குத் தெரியும். குழந்தைகள் புத்தகம் போடத் தொடங்கிய பிறகு அந்த அறிவு ஒரு நாளும் உதவவில்லை, இடைஞ்சலாகத்தான் இருந்தது.

முதலில் எழுதியது ஓர் எருமையின் கதை. ஓர் எருமை காலையில் வாய்க்காலில் இறங்கிப் படுத்துக்கொள்கிறது. எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. தெருவே கரையில் கூடி ஆளுக்கொரு யோசனை சொல்கிறது. கொக்கு, நாய், சேவல் எல்லாம் வந்து புத்தி சொல்கின்றன. எருமை கேட்டுக்கொண்டே இருக்கிறது. சாயங்காலம் தானாக எழுந்து வீட்டுக்குப் போகிறது. அவ்வளவுதான். இருபத்துநாலு படம் வரைந்து, சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துப் பதிப்பாளரே போனில் கூப்பிட்டார்.

"கதை சூப்பர் மேடம். ஒரே ஒரு சின்ன மாற்றம்தான்."

"சொல்லுங்க சார்."

"எருமைக்குப் பதிலா பசு."

அவர் தொடர்ந்தார். "எருமைன்னு சொல்லித்தான் நாம பிள்ளைங்களையே திட்டுறோம். அட்டையில எருமை இருந்தா எந்த அம்மா வாங்குவாங்க? கறுப்பு எடுபடாது மேடம். வெள்ளைன்னா பளிச்சுனு இருக்கும்."

"பசு தண்ணிக்குள்ள போய்ப் படுக்காது சார்."

"பிள்ளைங்களுக்கு அதெல்லாம் தெரியவா போகுது? அப்புறம் கடைசியில ஒரு நீதி வேணும். சும்மா எழுந்து போச்சுன்னு முடிக்காதீங்க."

அந்த இடத்தில் போனை வைத்திருக்க வேண்டும். பதிப்பாளரை இன்றுவரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன், ஆனால் அவர் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. என் பேர் போட்ட ஒரு புத்தகத்தைக் கையில் பிடித்துப் பார்க்கும் ஆசையில் நான் எதையும் வெளுக்கத் தயாராக இருந்தேன். "சரி சார்" என்றேன். மூன்றே வாரத்தில் எருமையை வெளுத்துவிட்டேன்.

அந்தப் பசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பந்து பந்தாகக் கண். கண்ணுக்கு மேலே விசிறி மாதிரி இமைமயிர். கொம்பில் சிவப்பு ரிப்பன். இரண்டு காலில் நிற்கும். முதல் படத்தில் மடி வரைந்திருந்தேன். "மடி வேண்டாம் மேடம், அசிங்கமா இருக்கும்" என்றார் பதிப்பாளர். ஆக மடியில்லாத அந்தப் பசு தினமும் ஊருக்கெல்லாம் பால் கொடுத்தது. குழந்தைகள் வாங்கினார்கள். அதாவது, அம்மாக்கள் வாங்கினார்கள். அடுத்தடுத்து ஏழு புத்தகம் வந்தது. பசு பல் விளக்கியது, மரம் நட்டது, குழாயை மூடியது, பெரியவர்களுக்கு வணக்கம் சொன்னது. ஒரு தப்புக்கூடச் செய்யாத அந்த ஜந்துவை வரைய உட்காரும்போதெல்லாம் எனக்குக் கொட்டாவி வந்தது.

ஐந்தாவது புத்தகத்துக்குச் சென்னையில் ஒரு பரிசு கொடுத்தார்கள். மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்திய பிரமுகர், என் புத்தகத்தில் இல்லவே இல்லாத "துள்ளித் திரியும் மான்குட்டியை" பத்து நிமிடம் புகழ்ந்தார். அரங்கம் கைதட்டியது. பதிப்பாளரும் தட்டினார். மேடையில் உட்கார்ந்து நானும் தட்டினேன்.

பிறகு பள்ளிக்கூடங்கள் கூப்பிட ஆரம்பித்தன. தலைமையாசிரியர்கள் எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள்: கைபேசி, ஒழுக்கம், கடைசியில் என் பசு. அப்படித்தான் சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போனேன். பசுவைக் கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டு, யாராவது கேள்வி கேளுங்கள் என்றேன். ஒன்பது வயது இருக்கும், ஒரு பெண் எழுந்தாள்.

"இதுக்குக் கண்ணு ஏன் வெளிய தள்ளிக்கிட்டு இருக்கு? மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலையா?"

வகுப்பு சிரித்தது. "ஏய், உக்காரு" என்றார் தலைமையாசிரியர். அவள் உட்காரவில்லை.

"மடியவும் காணோம். அப்ப காளையா? காளைக்கு எதுக்கு ரிப்பன் கட்டி விட்டுருக்கீக?"

இத்தனை வருடத்தில் என் புத்தகத்தைப் பார்த்துக் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. வெளியே வந்ததும் தலைமையாசிரியர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "எருமை மேய்க்கிற வீட்டுப் பிள்ளை மேடம், அப்படித்தான் பேசும்."

அந்த வீடு எங்கே இருக்கிறது என்று அவரிடமே கேட்டேன். அவர் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வழி சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை நோட்டும் கரிக்குச்சியும் எடுத்துக்கொண்டு அங்கே போனேன். அந்தப் பெண்ணின் அம்மா மூன்று எருமை வைத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எருமைய எதுக்கு டீச்சர் வரையிறீக? அதுல என்னத்த இருக்கு பார்க்க?"

"எனக்குப் பிடிக்கும்மா."

"பிடிச்சா வரைங்க. அங்கன உக்காராதீக, மூத்தது காலத் தூக்கிரும்." பிறகு பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "படம் வரைய வந்துருக்காகளாம். எடமில்லாத மாதிரி சாணிக்குள்ள வந்து உக்காந்துருக்காக."

முதல் நாள் வரைந்த எருமைக்குப் பந்துக் கண் வந்தது. அழித்தேன். மறுபடியும் வந்தது. ஏழு புத்தகம் என் கையை அப்படிப் பழக்கி வைத்திருந்தது. சிறுமி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். பொன்னாடைக் கூட்டம் அதுவரை சொன்ன நல்ல வார்த்தைகள் அத்தனையும் அந்த ஒரு நிமிடத்தில் செல்லாமல் போயின. அதன் பிறகு இரண்டு மாதம் எல்லாச் சனிக்கிழமையும் போனேன். எருமையின் கண் சின்னது, பாதி மூடியிருக்கும், நம்மைப் பார்க்கிறதா இல்லையா என்று கடைசிவரை தெரியாது. அந்தப் பார்வை எனக்குப் பிடிபட ஐந்து வாரம் ஆனது.

புதிதாக வரைந்ததைப் பழைய கதையோடு பதிப்பாளருக்கு அனுப்பினேன். "மேடம், இப்ப எட்டாவது பசு போயிட்டிருக்கணும். நடுவுல இது எதுக்கு?" என்றார். இனிமேல் பசு வரைய மாட்டேன் என்றேன். கோபப்படுவார், கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "பரவால்ல மேடம், யோசிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லி போனை வைத்தார்.

எருமையை நானே அச்சடித்தேன். கம்பத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஓர் அச்சகத்துக்குப் போனேன். அதை நடத்துகிற பாய் படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"எம்புட்டுக் கறுப்பு வேணும்?"

"எருமை எம்புட்டோ அம்புட்டு."

"ஒரு தடவ ஓட்டுனா சாம்பலாத்தாம்மா வரும். ரெண்டு தடவ ஓட்டணும்." நின்றுகொண்டே கதை முழுவதையும் படித்தார். "அது கடைசில ஏன் எந்திரிச்சுப் போச்சு?"

"தெரியல பாய்."

"சரிதான். எங்க வீட்டுலயும் ஒருத்தவுக இருக்காக, ஏன் எந்திரிச்சுப் போறாகன்னு இன்னை வரைக்கும் எனக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு மெஷினைப் பார்க்கப் போனார். நீதி கேட்காத முதல் ஆள்.

சுருளிப்பட்டிக்கு ஒரு பிரதியைக் கொண்டுபோனேன். அம்மா பக்கம் பக்கமாகத் திருப்பினாள். "மடி சரியா விழுந்துருக்கு" என்றாள். மகள் வாங்கி, கண்ணை மட்டும் பார்த்தாள். "இது நம்ம நடுவுலதுதான்" என்று சொல்லி, மூன்றில் அந்த எருமைக்கே காட்டப் போனாள். எருமை அட்டையை நக்கியது. ஊரில் மற்றவர்கள் யாரும் அதிகம் வாங்கவில்லை. வாங்கியவர்களிலும் சிலர், "டீச்சருக்கு என்னாச்சு, நல்ல பசுவ விட்டுட்டு?" என்று வருத்தப்பட்டார்கள்.

அந்த வருடம் முடிவதற்குள் எட்டாவது பசு வந்துவிட்டது. வரைந்தது நான் இல்லை. பதிப்பாளரிடம் கேட்டபோது, "அது எங்க பசுதானே மேடம், அக்ரிமென்ட்ல இருக்கே" என்றார். இருந்தது. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட பக்கத்தில் தெளிவாகவே இருந்தது. அட்டையில் என் பேரும் இருந்தது. யாரோ ஒருவர் வரைந்த பசு கூலிங் கிளாஸ் போட்டு ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்தது.

சில நாள் கழித்து உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் எங்கள் கல்லூரி விலங்கியல் துறையின் பழைய தலைவரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார். முதுகெலும்பிகளின் உடற்கூறை முப்பது வருடம் நடத்தியவர். பேத்திக்கு வாங்கிய எட்டாவது பசு அவர் கையில் இருந்தது. அதில் பசுவின் முன்னங்கால் மனிதக் கை மாதிரி மடங்கி ஹாண்டில்பாரைப் பிடித்திருந்தது.

"இதுலதான் நீங்க வரைஞ்சது ரொம்ப நல்லா வந்துருக்கு" என்றார். "முன்னைக்கு இப்ப கை நல்லா ஓடுது. அந்த எருமையெல்லாம் என்னத்துக்குங்கிறேன்?"

அவரிடம் உண்மையைச் சொல்லலாம். அவர் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டார், என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவார், அவ்வளவுதான். "நன்றி சார்" என்று சொல்லிவிட்டுக் கோம்பை பஸ்ஸில் ஏறினேன். அங்கே ஒரு தோட்டத்தில் நாய் குட்டி போட்டிருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் போக முடியாது, பார்த்த உடனே பாயும் என்று தோட்டக்காரர் போனில் எச்சரித்திருந்தார். நல்லது, தூரத்திலிருந்தே வரைந்துகொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.