லேப்டாப்பை மூட மறுத்த மீட்டிங்

மீட்டிங்கில் போன் அடிக்கக் கூடாது என்று எங்கள் டெல்லி ஆபீஸ் செக்‌ஷனில் சட்டம் போட்டவளே நான்தான். ஒருநாள் மீட்டிங்கில் திடீரென்று எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். எவருடைய போனோ அடிக்கிறது என்று புரிந்துகொண்டு நானும் சுளித்தேன். “கிஸ்கா ஹை? பந்த் கீஜியே” என்று, யாருடையது, அணையுங்கள் என ஹிந்தியில் அதட்டவும் செய்தேன். பக்கத்திலிருந்த குப்தாஜி சங்கடத்தோடு என் கைப்பையைக் காட்டினார். எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது அப்படித்தான்.

மீட்டிங்கில் பேசுவதைக் குறித்து மினிட்ஸ் எழுதுவது எனக்கு உயிர். மோதி பாக் குவார்ட்டர்ஸிலிருந்து பஸ்ஸில் வந்துபோன நாட்களில் மீட்டிங் என்றால் சமோசா, டீ, பெரிய சண்டை. நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினாலும் யார் என்ன சொன்னார் என்று ஷார்ட்ஹேண்டில் பிடித்துவிடுவேன். அந்த இரைச்சலுக்கு இன்றும் மனசு ஏங்குகிறது.

காது மெஷின் வைத்துப் பார்த்தேன். ஏ.சி. சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. பிறகு மயூர் விஹாரில் இருக்கும் என் பெண் லேப்டாப்பில் ஒரு வசதி செய்து கொடுத்தாள். “பேசறதெல்லாம் ஸ்க்ரீன்ல எழுத்தா ஓடும்மா. நீ பாட்டுக்குப் படிச்சுக்கோ.” ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்தால் கன்னாபின்னாவென்று வரும். மீதியை உதட்டசைவில் ஒப்பேற்றினேன். ஆபீஸில் மூச்சு விடவில்லை. தெரிந்தால் மினிட்ஸை வேறு யாருக்காவது கொடுத்து, என்னைத் தபால் பிரிக்க உட்கார்த்திவிடுவார்களே என்ற பயம்.

அப்போதுதான் புது டைரக்டர் சுந்தர் வந்தார். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். முதல் மீட்டிங்கிலேயே, “ஸப் லேப்டாப் பந்த் கீஜியே” என்றார். மளமளவென்று எல்லோரும் மூடினார்கள். நான் மூடவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

“மேடம், நீங்களும்தான். மெயில் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.”

கை மூடியின் மேல் போய்விட்டது. மூடினால் அந்த அறையில் எனக்கு வேலையில்லை.

“சார், எனக்குக் காது கேக்காது. நீங்க பேசறத இதுலதான் படிக்கறேன்.”

குப்தாஜி வாயைப் பிளந்தார். சுந்தர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்து நிதானமாக, “அச்சா… முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம். நீங்களே எழுதுங்க” என்றார். பிறகு மற்றவர்களிடம், ஒவ்வொருவராக, மேடத்தைப் பார்த்துப் பேசுங்கள் என்று ஹிந்தியில் சொன்னார்.

புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மீட்டிங்கில் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், மூடச் சொல்வதற்கு முன் எதற்கென்று கேளுங்கள். போனை அணைக்கச் சொல்லி அதட்டிய நான் ஒருநாளும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.

மினிட்ஸ் எழுதுகிறவள் பக்கம் மீட்டிங்கில் யாரும் திரும்பமாட்டார்கள். என் சர்வீஸ் முழுக்க அப்படித்தான் போயிற்று. ரிட்டயர் ஆவதற்கு முந்தைய அந்தக் கடைசி வருஷம் மட்டும், அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள்.