மாடி வைஃபையும் கீழ்க்கடைக் கூட்டமும்

டைப் அக்கா என்றால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு ஒலிப்பதிவில் பேசி வைக்கும் குறிப்புகளைக் கேட்டு டைப் அடிப்பது அவள் வேலை. ஆஸ்பத்திரி அலுவலகத்தில் பல வருஷம் இதைச் செய்தாள். மூக்கடைத்த டாக்டர், எதையோ மென்றுகொண்டே பேசும் டாக்டர், பாதி வாக்கியத்தில் கொட்டாவி விடும் டாக்டர், எல்லாக் குரலும் அவளுக்கு அத்துப்படி. பிறகு ஆஸ்பத்திரி அந்த வேலையை வெளிக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்தது. கம்பெனி அவளைச் சேர்த்துக்கொண்டு, வீட்டிலிருந்தே செய்யச் சொன்னது.

வீடு மாடியில். கீழே புருஷனின் சலூன். ஜன்னலோரம் மேசை, காதில் ஹெட்போன், பதிவை நிறுத்தவும் ஓட்டவும் காலடியில் ஒரு மிதி. காலையில் வரும் பதிவுகள் மாலைக்குள் எழுத்தாகித் திரும்பிப் போய்விட வேண்டும். அதில் அவளை யாரும் குறை சொன்னதில்லை, இந்தக் கோடை வரும்வரை.

இந்தக் கோடையில் பதிவுகள் இறங்க மறுத்தன. திரையில் பச்சைக் கோடு நத்தையாக ஊர்ந்து, பாதியில் நின்றது. இரண்டு முறை கெடு தவறிவிட்டது. மேற்பார்வை பார்க்கும் பெண் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க வேலை சுத்தம்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா இன்னொரு தடவை லேட்டானா பேரை எடுத்துடச் சொல்லிட்டாங்க. நானும் எத்தனை தடவைதான் முட்டுக்கொடுக்கிறது?"

நெட் இணைப்புக்காரரை வரவழைத்தாள். அவர் வயரை ஆட்டிப் பார்த்தார். "லைன்ல கோளாறே இல்லம்மா. வீட்டுல எத்தனை பேரு?"

"நான், அவரு, எங்க பொண்ணு. மூணே பேரு."

வைஃபை பெட்டியின் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினார். அதில் சேர்ந்திருந்த போன்களின் பட்டியல் கல்யாண வீட்டுப் பந்திபோல நீண்டு கிடந்தது. பாஸ்வேர்டை மாற்றும் இடத்தையும், வருகிறவர்களுக்கென்று தனி இணைப்பு போடும் இடத்தையும் காட்டிவிட்டுப் போனார்.

அன்றே பாஸ்வேர்டை மாற்றினாள். மறுநாள் மத்தியானம் பந்தி மறுபடியும் நிறைந்திருந்தது. எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன்மேல் சந்தேகம் வந்தது. அவன் வணக்கம் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னும் நீளமாக ஒரு பாஸ்வேர்டு போட்டு, புருஷன் போனிலும் மகள் போனிலும் தன் கையாலேயே அடித்துக் கொடுத்தாள். அதுவும் ஒரு நாள்தான் தாங்கியது. பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வந்தவள், ஒரு பெயரில் நின்றாள்: சில்லறை.

சில்லறை என்பது ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரின் பட்டப்பெயர். தலையில் ஒரு முடி கிடையாது. ஆனாலும் நாள் தவறாமல் சலூனில்தான் இருப்பார்.

விறுவிறுவென்று கீழே இறங்கினாள். பெஞ்சில் வரிசையாக ஆட்கள். எல்லாத் தலையும் போனுக்குள். சில்லறை மட்டும் நிமிர்ந்து, "வாங்க அண்ணி" என்றார்.

"முடியே இல்லாத உங்களுக்கு முடிவெட்டுற கடையில என்ன வேலை?"

"காத்து நல்லா வருது அண்ணி."

"காத்தா, வைஃபையா?"

நாற்காலியில் இருந்தவர் சோப்பு நுரையோடு சிரித்தார். புருஷன் கத்தரியை நிறுத்தவில்லை. "ஏம்மா, காத்திருக்கிற ஆளு எழுந்து போயிடக் கூடாதுல்ல? என் போன்ல ஒரு க்யூஆர் கட்டம் வரும். அதை அவங்க போனுக்குக் காட்டினா தானா வைஃபைல சேர்ந்துக்குது. நான் பாஸ்வேர்டை ஒருத்தர்கிட்டயும் வாயால சொல்லல. நீதானே யார்கிட்டயும் சொல்லாதேன்னே!"

அவள் விடுவிடுவென்று படியேறினாள். மேலே போய்ப் பாஸ்வேர்டை மாற்றினாள். இம்முறை புருஷனுக்குக்கூடக் கொடுக்கவில்லை.

மறுநாள் பதிவுகள் மளமளவென்று இறங்கின. ஹெட்போனை மாட்டி மிதியை அழுத்தினாள். டாக்டர் பேசத் தொடங்கினார். கீழே சலூனும் பேசத் தொடங்கியது. போனில் ஒன்றும் வராததால் பெஞ்சுக்கே வாய் முளைத்துவிட்டது. பஸ்ஸில் ஒருவன் டிக்கெட் எடுக்காமல் ஏமாற்றிய கதையைச் சில்லறை, பஸ்ஸின் பின்வாசல்வரை கேட்கும் தன் கண்டக்டர் குரலில் சொன்னார். சிரிப்பு படிக்கட்டு வழியாக ஏறி வந்தது. கதவைச் சாத்தினாள், தரை வழியாக வந்தது. நோயாளிக்கு எந்த மருந்து, எந்த அளவு என்று டாக்டர் சொல்வதைத் திருப்பித் திருப்பி ஓட்டினாள். ஊகித்து அடிக்கக் கூடிய இடமா அது? உச்சி வெயில் இறங்கியபோது பாதி வேலைகூட முடியவில்லை. வேலை இன்றோடு போயிற்று என்றே நினைத்தாள்.

இத்தனை நாளும் அந்தக் கூட்டம் வாயைத் திறக்காமல் இருந்தது எதனால் என்பது அப்போதுதான் உறைத்தது.

பெட்டியின் பக்கத்தைத் திறந்தாள். வருகிறவர்களுக்கென்று தனி இணைப்பு, அதற்குத் தனிப் பாஸ்வேர்டு. அதன் வேகத்துக்கு வரம்பு வைக்கும் இடமும் இருந்தது. வரம்பைக் குறைவாகவே வைத்தாள். தன் கம்ப்யூட்டரும் மகளின் போனும் மட்டும் பழைய இணைப்பில். கீழே இறங்கியதும் பேச்சு அடங்கியது.

"இந்தச் சீட்டுல இருக்கிற பாஸ்வேர்டு கடைக்கு. தாராளமா பாருங்க. ஆனா காதுல மாட்டிக்கிட்டுத்தான் பார்க்கணும். சத்தம் மேல வந்துச்சுன்னா, யாரோட போன்னு எனக்குப் பேரோட தெரியும். தூக்கிடுவேன்."

"நானும் இதுலதானா?" என்றார் புருஷன்.

"பகல்ல நீங்களும் விருந்தாளிதாங்க."

பெஞ்சு மொத்தமும் தலையைக் குனிந்தது. அவள் மாடியேறுவதற்குள் கத்தரிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மென்றுகொண்டு பேசும் டாக்டர்கூட அன்று தெளிவாகத் தெரிந்தார். வெயில் ஜன்னலைவிட்டுப் போகும் நேரத்தில் கடைசிப் பதிவையும் எழுத்தாக்கி அனுப்பினாள். "வந்துடுச்சு அக்கா, நேரத்தோட" என்று மேற்பார்வைப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது.

கீழிருந்து சில்லறையின் குரல் வந்தது. "அண்ணி, படம் சுத்திக்கிட்டே நிக்குது!"

"சத்தம் போடாம உக்காருங்க, ஓடும்" என்று சொல்லிவிட்டு, அவள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டாள்.