உட்கார்ந்து பார்க்கிற உயரம்

அன்றைக்குக் களத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் மனைவி, என் தம்பி, கொத்தனார், எங்கள் தெரு நாட்டாண்மை, என் அத்தை. அத்தை என்றால் அப்பாவின் கூடப் பிறந்தவர். எங்கள் தெருவிலிருந்து நடவுக்குப் போகும் பெண்களுக்கு அவர்தான் முன்னால் நிற்பவர். பிறகு பல பேர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொன்னார்கள். இல்லை. ஆறு பேர்தான். தப்பு நடந்தது அந்த ஆறு பேர் கண்ணெதிரில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுதும்போது எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயம் உண்டு. அதனால் முதலிலேயே இதை எழுதி வைக்கிறேன்.

பங்குனி மாதம். சம்பா அறுத்துப் போர் போட்டாகிவிட்டது. களம் எங்கள் தெருவின் மேற்குக் கோடியில் இருக்கிறது, என் வீடு கிழக்குக் கோடியில். வீட்டுக்கு அப்பால் ஒரு வாய்க்கால், நாலைந்து வயல், அதற்கும் அப்பால் கோயில் கோபுரம். கொத்தனார் என் வீட்டு மேல் ஒரு மூங்கிலைக் கட்டி, மாடி எழும்பினால் கைப்பிடிச் சுவர் எந்த உயரத்துக்கு வருமோ அங்கே ஒரு சிவப்புத் துண்டை முடிந்துவிட்டு வந்திருந்தார். அந்தத் துண்டுக்கு மேல் கோபுரம் தெரிகிறதா என்று பார்ப்பதற்காகத்தான் நாங்கள் ஆறு பேரும் நின்றோம்.

எதற்கு இந்த அளவெடுப்பு என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆட்கள் அந்தக் கோயிலுக்குள் கால் வைக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. சட்டம் வந்த பிறகும் பண்ணையாட்களுக்குத் துணிச்சல் வர வெகுகாலம் ஆயிற்று. அதனால் தெருவில் எந்தக் காரியமும் களத்தில், கோபுரத்தைப் பார்த்துத்தான். தாலி கட்டுவது அங்கே. பொய் சொன்னவனைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்குவது அங்கே. இறந்தவரைத் தூக்கிப்போகும்போதும் களத்தில் ஒருமுறை பாடையை இறக்கி, முகத்தைக் கோபுரத்துப் பக்கம் திருப்பிவிட்டுத்தான் தூக்குவார்கள். கூலி நெல்லுக்காக அறுவடையை நிறுத்திய வருஷம் நான் சின்னப் பையன். விவசாயத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்தவர் சாமியே கிடையாது என்று ஒரு மணி நேரம் பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். பேசி முடித்ததும் எங்கள் பெண்கள் கோபுரத்தைப் பார்த்துத் திரும்பி, கூலியில் ஒரு படி நெல் கூட்டிக் கொடுக்காமல் அரிவாளைத் தொட மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். வந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அந்த வருஷம் ஒருத்திகூட அரிவாளைத் தொடவில்லை.

இதனால் எங்கள் தெருவில் எழுதாத ஒரு கட்டுப்பாடு இருந்தது. கிழக்குப் பாதியில் யாரும் கோபுரத்தை மறைத்து வீடு கட்டக் கூடாது. குடிசையாக இருந்தவரை அதற்கு வேலையே இல்லை. குடிசை எங்கே மறைக்கப் போகிறது?

எனக்கு மாடி தேவைப்பட்டது. எனக்கென்றால், என் தம்பிக்கு. எழுபதுகளில் குடியிருப்புக்குப் பட்டா கொடுத்தபோது அப்பாவுக்குக் கிடைத்தது மூன்று சென்ட். அதுவரைக்கும் ஆண்டை கோபப்பட்டால் ஆள் அனுப்பிக் குடிசையைப் பிரித்துப் போட்டுவிடுவார். அந்த மூன்று சென்ட்டில்தான் நான் வீடு கட்டியிருந்தேன். தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, வாடகை அறையில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு இருந்தான். ஊரோடு வந்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை. அவன் பங்கு எங்கே இருக்கிறது? பக்கவாட்டில் ஒரு முழம்கூட இல்லை. மேலேதான் இருக்கிறது. மனைவியின் சங்கிலியை விற்று, சீட்டு எடுத்து, நாற்பதாயிரம் ரூபாய் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

நாங்கள் ஆறு பேரும் நின்று பார்த்தோம். துண்டுக்கு மேல் கலசங்கள் முழுதாகத் தெரிந்தன. அதற்குக் கீழே ஒரு நிலையும் தெரிந்தது.

"தெரியுதா, தெரியலியா? வாயத் தொறந்து சொல்லுங்க, பின்னால என்னைய இழுக்கக் கூடாது" என்றார் கொத்தனார்.

"நல்லாத் தெரியுது" என்றார் நாட்டாண்மை. அவர் கொஞ்சம் குள்ளம். தம்பி சிரித்தான்: "நாட்டாண்மைக்கே தெரியுதுன்னா ஊருக்கே தெரியும்."

"வாய்க்கொழுப்புதான்டா உனக்கு" என்று அவரும் சிரித்தார்.

நான் அத்தையைப் பார்த்தேன். எனக்கு எதிலும் சந்தேகம்தான். விதை தெளித்துவிட்டு வந்தால்கூட முளைக்குமோ என்று மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். "அத்தை, உங்களுக்குச் சரின்னு படுதா?"

"தெரியுதே. கட்டு" என்றார் அத்தை.

என் மனைவி மட்டும், "ஏங்க, இன்னொரு நாள் காலையில ஒருதரம் பாத்துக்கலாமே" என்றாள். காலையில் என்ன கோபுரம் வேறு இடத்துக்கா போய்விடும் என்று தம்பி கேட்டான். அதோடு முடிந்தது.

சித்திரையில் வேலை ஆரம்பித்தது. பேரூராட்சி ஆபீசில் வரைபடத்துக்குக் கையெழுத்து வாங்கப் போனேன். உயரத்தைப் பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வைகாசிக்குள் சுவர் முழு உயரத்துக்கு வந்து, தளம் போடப் பலகை அடித்து, அதற்கு மேல் கைப்பிடிச் சுவர் உயரத்துக்கு வெயிலுக்காகத் தட்டியும் கட்டியாகிவிட்டது. அந்த மாதத்தில்தான் அத்தை மகளுக்குக் கல்யாணம்.

களத்தில் பந்தல். மாப்பிள்ளை வீட்டார் கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர்கள், ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் மணையில் உட்கார்ந்தார்கள். தாலியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் நாட்டாண்மை வழக்கம்போல, "கும்பிட்டுக்கங்க ரெண்டு பேரும்" என்றார்.

பெண் கையைக் குவித்தாள். பிறகு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டினாள். "கோபுரம் எங்க? காணுமே?"

நான் மணைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது. கலசம், அதற்குக் கீழே ஒரு நிலை, எல்லாம் தெரிந்தது. அந்த இடத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். என் வீட்டுச் சுவரும் பலகையும் தட்டியும் முட்டுக் கொம்புகளும்தான் தெரிந்தன. ஒரு கலசத்தின் நுனிகூட இல்லை.

பங்குனியில் நாங்கள் ஆறு பேரும் நின்றுகொண்டு பார்த்தோம். உட்கார்ந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் தெருவில் அந்த இடத்தில் நின்றுகொண்டு எந்தக் காரியமும் நடப்பதில்லை. மணமக்கள் உட்காருவார்கள். இறந்தவர் படுத்திருப்பார். அளவெடுக்க வந்த அன்றைக்கு மட்டும் நாங்கள் ஆபீசர்கள் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றோம்.

மாப்பிள்ளையின் மாமன் ஒருவர் சிரித்தார். "எங்க ஊர்ல சாமிய உக்காந்துதாம்ப்பா கும்பிடுவோம். இங்க எம்பி எம்பித்தான் கும்பிடணுமாட்டம் இருக்கு. மாப்ள, ஏந்திரிச்சு ஒரு குதி குதி." அவர்கள் பக்கம் எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் பக்கம் ஒருவரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். தாலி கட்டியாயிற்று. அத்தை என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் களத்தில் தெருக்கூட்டம். திருப்பூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்த தம்பி, தளம் போடுவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தங்கியிருந்தான். அவனே முதலில் பேசினான்.

"ஒண்ணு கேக்குறேன், யாரும் கோவிச்சுக்காதீங்க. உள்ள விடலன்னுதானே இங்கேருந்து கும்பிட்டோம்? இப்பத்தான் உள்ள போறோமே. போன மாசம் எம்மவளுக்கு உள்ள வச்சுத்தான் காது குத்தினேன். இன்னும் எதுக்கு எட்ட நின்னு பாக்குற பழக்கம்?"

அவன் குரல் ஏறியது.

"எங்கப்பாவ ஓடு போடக் கூடாதுன்னான் ஆண்டை. வாசப்படிய ஒசத்தக் கூடாதுன்னான். குனிஞ்சுதான் நொழையணும், குனிஞ்சுதான் வெளிய வரணும். இப்ப ஆண்டை இல்ல. நீங்க சொல்றீங்க குனின்னு. எடம் உள்ளவன் அகலமாக் கட்டிக்குவான். மூணு சென்ட்டுக்காரன் எங்க போவான்? மேலதான போவணும்?"

அவன் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. இன்றும் முடியவில்லை. எங்கள் குடிசை வாசல் என் இடுப்பளவுதான் இருந்தது. அப்பாவின் முதுகு அந்த வாசலுக்கு ஏற்றபடியே வளைந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

அத்தை தரையில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தபடியே பேசினார். "உள்ள போறது அவங்க தொறந்து விட்டது. நாளைக்கு ஒருத்தன் மூடுவான், இன்னொருத்தன் தொறப்பான். இங்கேருந்து பாக்குறதுக்கு எவங்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல. இது ஒண்ணுதான்டா நம்மளுது. எங்கிட்டயும் தப்பு இருக்கு. கட்டுன்னு நாந்தான் சொன்னேன்."

"களத்த வேணா வேற எடத்துக்கு மாத்திக்கலாமே" என்றார் ஒருவர். எங்கே மாற்றுவது என்று பார்த்தார்கள். வடக்கே புளியமரம், தெற்கே ரோட்டோரத்து அரவை மில். இல்லை.

நாட்டாண்மை என் பக்கம் திரும்பினார். "ஒன் பட்டா, ஒன் எடம். நாளைக்கே தளம் போட்டாலும் தெரு ஒன்ன ஒண்ணும் சொல்லாது. நீயே யோசிச்சுக்க."

வேண்டாம் என்று தெருவே சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். தம்பியிடம், தெரு சொல்லிவிட்டதடா என்று கையை விரித்திருக்கலாம். என்னிடமே விட்டுவிட்டார்கள். மறுநாள் பகல் முழுதும் களத்துக்கும் வீட்டுக்கும் நடந்தேன். நின்று பார்த்தேன், உட்கார்ந்து பார்த்தேன், யாரும் இல்லாத நேரம் படுத்துக்கூடப் பார்த்தேன். கைப்பிடிச் சுவர் இல்லாமல் கட்டினால் போதுமா என்று கொத்தனாரைக் கேட்டேன். "உக்காந்தா கலசத்து மூக்கு மட்டும் தெரியும். படுத்தா அதுவும் தெரியாது. ஒசரத்த இன்னும் கொறச்சா மாடி இருக்காது, கோழிக்கூண்டுதான் இருக்கும்" என்றார். தம்பியின் குழந்தைகள் இரண்டும் வேனலில் வந்திருந்தபோது கட்டி முடிக்காத அந்த மாடியில் ஏறி, இது என் இடம், இது உன் இடம் என்று சாக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தன. அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

சாயங்காலம் தம்பியிடம் சொன்னேன், வேண்டாம்டா என்று.

அவன், "நீ கீழ இருக்கியில்லண்ணே. ஒனக்குச் சொல்ல ஈஸி" என்றான். அவ்வளவுதான். மறுநாள் முதல் பஸ்ஸில் போய்விட்டான். சுவரை இறக்கிய அன்றைக்கு அத்தை வந்து ஒவ்வொரு செங்கல்லாகக் கை மாற்றி வாங்கி அடுக்கினார்.

அதற்கப்புறம் நான்கு வருஷம் கழித்து, கோயிலுக்கு நேர் எதிரே, பண்ணையார் வீட்டு வாரிசு ஒருவர் தங்கும் விடுதி கட்டினார். நான்கு மாடி. தெற்கு வீதியிலிருந்து பார்த்தால் இப்போது கோபுரம் இல்லை, விடுதியின் தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் ஊரில் பேச்சு வந்தது, கோயிலைச் சுற்றி உயரக் கட்டுப்பாடு வேண்டும், அழகு கெடுகிறது என்று. ஒரு கூட்டத்தில் என்னையும் கேட்டார்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று. எழுந்து நின்றேன். கட்டுப்பாடு வேண்டும் என்றுதான் சொன்னேன். ஊருக்கு எல்லாம் பொதுவாக ஒன்று இருக்கிறதென்றால் அதைப் பணம் உள்ளவன் தன் ஜன்னலுக்குள் இழுத்துக்கொள்ள விடக் கூடாது. ஆனால் கட்டாதே என்று யாரைச் சொல்கிறோமோ, அவனுக்கு வேறு இடத்தில் இரண்டு சென்ட்டாவது கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள். நாங்கள் வெறும் கையோடு சொன்னோம், ஒரு குடும்பம் போய்விட்டது என்றேன். குறித்துக்கொண்டார்கள். குறித்த காகிதம் எங்கே போயிற்றோ தெரியாது.

தெரு என்னை ஒரேயடியாகக் கைவிட்டுவிடவில்லை. பொதுப் பணத்திலிருந்து ஆறாயிரம் கொடுத்தார்கள். நடவுப் பெண்கள் ஒரு நாள் கூலியை அதில் போட்டிருந்தார்கள். செங்கல்லையும் பலகையையும் விற்றது ஐயாயிரம். மீதியை நான் குத்தகை நிலத்து நெல்லிலிருந்து வருஷா வருஷம் மணியார்டரில் அனுப்புகிறேன். பதினோராயிரம் வரை போயிருக்கிறது. அவன் வாங்கிக்கொள்கிறான், கூப்பனில் ஒரு வரி எழுதி அனுப்பினால் பதில் எழுதுவதில்லை. ஊருக்கு வந்தால் அத்தை வீட்டில் தங்குகிறான். மழை தவறிய இரண்டு வருஷம் ஒன்றும் அனுப்ப முடியவில்லை; அந்த இரண்டு வருஷமும் அவன் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

என் தம்பிக்கு நான் இன்னும் தர வேண்டியது பதினெட்டாயிரம் ரூபாய்.