நக்கிப் பார்த்து வாங்கிய ஸ்லாப்: கீழ்க்கட்டளையிலிருந்து பொத்தேரிக்கு

கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் கேளம்பாக்கம் பக்கத்தில் ஒரு ஸ்லாப் பட்டறையில், நாலு பேர் பார்க்க, கான்கிரீட்டை நாக்கால் நக்கிப் பார்த்தேன். காரணத்தைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

கீழ்க்கட்டளையில் எங்கள் தெருமுனையில் மழைநீர்க் கால்வாய் ஒன்று குறுக்கே போகிறது. அதன் மேல் போட்ட ஸ்லாப்பைத் தாண்டித்தான் தண்ணீர் லாரி உள்ளே வரவேண்டும். ஒரே கோடையில் இரண்டு ஸ்லாப் உடைந்தது. இரண்டாவது உடைந்த அன்று லாரி டிரைவர், "நல்ல ஸ்லாப்பா போட்டுட்டு கூப்டுங்க, அதுவரிக்கும் நம்ம வண்டி உள்ள வராது" என்று சொல்லிவிட்டு ரிவர்ஸ் எடுத்தார். அன்றிலிருந்து தெரு முழுக்கக் குடமும் கையுமாக அலைந்தோம். புது ஸ்லாப் பார்த்து வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. தெருவில் யாரையும் எதையும் நம்பாத ஆள் நான்தானாம்.

விசாரித்ததில் ஒரு பட்டறைக்காரர் கிடைத்தார். கம்பி கட்டாமல், கலவையிலேயே பொடிப்பொடி இரும்பு இழைகளைப் போட்டு வார்ப்பதாகச் சொன்னார். போனில் படம் அனுப்பினார். பார்த்தால் ஸ்டேப்ளர் பின் மாதிரி இருக்கிறது! பின் அடித்த காகிதமே கிழிகிறது, லாரி எப்படி நிற்கும்? "என் கண் முன்னால அடிச்சுக் காட்டு" என்றேன். பொத்தேரியில் ஒரு கல்லூரிக் கூடத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு சோதித்துத் தருவார்கள், வாருங்கள் என்று உடனே ஒப்புக்கொண்டார். உடனே ஒப்புக்கொண்டதுதான் எனக்கு முதல் சந்தேகம்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு, என் மனைவியின் தம்பி ஏழுமலையின் குட்டியானை வண்டியில் கிளம்பினோம். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கேளம்பாக்கம் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். ஆபீஸ் பஸ்களுக்கு முன்னால் சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டிவிட்டால் ஒரு மணி நேரம்தான்.

பட்டறைக்குப் போய் இறங்கினால், கூப்பிடு தூரத்தில் உப்பளம். எனக்குப் பொறி தட்டியது. உப்புத் தண்ணீரில் குழைத்திருந்தால் உள்ளே இருக்கிற இழை துருப்பிடித்துப் போகாதா? கேட்டால் உண்மையைச் சொல்வாரா? அதனால்தான் குனிந்து நக்கினேன்.

பட்டறைக்காரர் "சார், சட்னி எதுனா வோணுமா?" என்றார்.

உப்பு இல்லை. வாய் முழுக்கச் சிமென்ட்தான்.

அவர் எடுத்து வைத்திருந்த ஸ்லாப்பை நான் தொடவில்லை. சந்தையில் தக்காளி பொறுக்குகிற மாதிரி, அடுக்கில் அடியில் கிடந்ததை உருவச் சொன்னேன். ஒத்துப்பார்க்க இழை போடாத ஸ்லாப் ஒன்றையும் அப்படியே எடுத்தேன். ஆறு ஆட்கள் என்னைத் திட்டிக்கொண்டே வண்டியில் ஏற்றினார்கள்.

அங்கிருந்து வண்டலூர் பதினெட்டு கிலோமீட்டர், அப்புறம் ஜி.எஸ்.டி. சாலையில் பொத்தேரி இன்னொரு பத்து. பட்டறைக்காரர் பைக்கில் முன்னால் போனார். அவர் யாருக்காவது போன் போடுகிறாரா என்று நான் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"இன்னா மாமா, எங்க அக்காவ பொண்ணு பாக்க வந்தப்போ இவ்ளோ கேள்வி கேட்டியா நீ?" என்றான் ஏழுமலை.

"கேட்டிருந்தா இப்ப உன் வண்டியில ஒக்காந்துகினு வருவேனா மச்சான்?" என்றேன்.

சோதனைக் கூடத்தில் மேரி என்று ஒரு ஆராய்ச்சி மாணவி. உயரத்திலிருந்து இரும்புக் குண்டு ஒன்று ஸ்லாப் மேல் விழுகிற மாதிரி ஒரு எந்திரம். குண்டு உள்ளே காலியாக இருக்குமோ என்று நகர்த்திப் பார்த்தேன். அசையவில்லை. இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

"லாரி மெதுவாத்தானேம்மா வரும், எதுக்கு இப்படி அடிக்கணும்?" என்று கேட்டேன்.

"மெதுவா வந்தாலும் ரோட்டு விளிம்புலேருந்து சக்கரம் இறங்குது பாருங்க, அது அடிதான் அண்ணா. மெதுவா அழுத்துறதும் பட்டுனு அடிக்கிறதும் கான்கிரீட்டுக்கு வேற வேற. பட்டுனு அடிச்சா கொஞ்சம் கூடுதலாவே தாங்கும். ஆனா விரிசல் விட்டுச்சுன்னா வெறும் கான்கிரீட் டக்குனு பிளந்துடும். இழை இருந்தா விரிசலோட ரெண்டு பக்கத்தையும் புடிச்சுக்கும். அது கொஞ்சம் கொஞ்சமா உருவிக்கிட்டு வரும்போது அடியோட வேகத்தை வாங்கிக்கும்."

இழை போடாத ஸ்லாப் மூன்றாவது அடியில் இரண்டாகப் போனது. "இத வேணும்னே நோஞ்சானா வார்த்திருப்பாங்க" என்றேன்.

"அண்ணா, ரெண்டையும் பொறுக்கினது நீங்கதானே?" என்றாள் மேரி. ஏழுமலை இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி சிரித்தான்.

இழை ஸ்லாப்பில் ஐந்தாவது அடியில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் தெரிந்தது. அதற்கப்புறமும் குண்டு விழ விழ, விரிசல்தான் அகலமானதே ஒழிய ஸ்லாப் பிரியவில்லை. பதினான்காவது அடியோடு மேரி நிறுத்தினாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். சீப்பில் சிக்கிய முடி மாதிரி விரிசலுக்குக் குறுக்கே அத்தனை பின்கள், இரண்டு பக்கத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. அதே மாதிரி இழை போட்ட புது ஸ்லாப் ஒன்றுக்கு அங்கேயே விலை பேசி முடித்தேன்.

இப்படிப் போய்ப் பார்த்து வாங்க நினைப்பவர்களுக்கு: கூடத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு வேலை நாளில் போங்கள். ஸ்லாப்பை நீங்களே பொறுக்குங்கள். உப்புமாவில் கட்டி விழுவது போல இழை ஒரே இடத்தில் சுருண்டு கிடந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டீசல் ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும். திரும்பும்போது மாலை ஐந்துக்கு முன் தாம்பரத்தைத் தாண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பெருங்களத்தூரிலேயே குடியிருக்க வேண்டியதுதான். சந்தேகப்படுவதற்கு வெட்கப்படாதீர்கள். நான் உப்பைச் சந்தேகப்பட்டேன், குண்டைச் சந்தேகப்பட்டேன், மேரியைக்கூடக் கொஞ்சம் சந்தேகப்பட்டேன். ஒன்றும் குறைந்துபோகவில்லை.

புது ஸ்லாப்பைப் போட்டு, டிரைவரைக் கூப்பிட்டோம். ஞாயிறு காலை தெருவே குடத்தோடு வரிசையில் நின்றது. லாரியின் முன்சக்கரம் ஸ்லாப்பைத் தாண்டியது. பின்சக்கரம் ஏறியதும், ஸ்லாப்பைத் தாங்கியிருந்த கால்வாயின் பழைய செங்கல் சுவர் உட்கார்ந்துவிட்டது. லாரியின் பின்பக்கம் கால்வாய்க்குள் இறங்கியது. மாலை கிரேன் வரும்வரை எல்லோரும் அங்கேயே நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டோம். நான் குனிந்து பார்த்தேன். சக்கரத்துக்கு அடியில் ஸ்லாப் கிடந்தது. ஒரு கீறல் இல்லை.